மஃபின் தின்ன ரெண்டு முழம் மல்லி

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் மக்களே. ஒரு குதிரை லாயத்துக்குப் போயி லத்தி அள்ளணும். அவ்ளோதான்.

"நல்லாத்தானே இருந்த, என்னாச்சு?"ன்னு கேக்காதீங்க. இதுக்குப் பேரு வொர்க்கிங் ஸ்டூடன்ட். காசு கட்டி குதிரை ஏறக் கத்துக்கணும்னா நம்ம சம்பளம் தாங்காது. அதனால நாம லாயத்துல வேலை செய்யணும், பதிலுக்கு அவங்க வாரத்துக்கு ஒரு நாள் குதிரை ஏறச் சொல்லிக் குடுப்பாங்க. முதல்ல சனி, ஞாயிறு ரெண்டு நாள் ட்ரையல். பாஸானாதான் சேத்துப்பாங்க.

எனக்கு வயசு நாப்பத்தி ரெண்டு. புள்ளைக்கு டியூஷன், மாமியாருக்கு டாக்டர், வீட்டுக்காரருக்கு டிபன்னு ஓடுற ஓட்டத்துல, எனக்கே எனக்குன்னு நான் ஆசைப்பட்டது இந்தக் குதிரை ஒண்ணுதான். இது கிடைக்கலன்னா அழுதுடுவேன், அந்த நிலைமை.

வீட்டுக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? "நம்ம வீட்டு பாத்ரூமைக் கழுவ ஆள் இல்ல, நீ குதிரைக்குக் கழுவப் போறியா?"

காதுலயே வாங்கிக்கல.

நல்ல காரியத்துக்குப் போறப்ப வெறுந்தலையோட போகலாமா? விடிஞ்சதும் புக்கிட் பாத்தோக் வீட்டுல இருந்து கிளம்பி, தேக்கா கடைத்தெருவுக்குப் போயி, சாமி கும்பிட்டு, வழக்கமா வாங்குற பூக்கடை அக்காகிட்ட ரெண்டு முழம் மல்லி வாங்கி, கொண்டையில சுத்திக்கிட்டுத்தான் லாயத்துக்கே போனேன்.

லாயத்து மேனேஜர் பேரு மிஷெல். அவங்க பேசினதெல்லாம் இங்கிலீஷ், நான் தமிழ்ல சொல்றேன். பேச்சுக் கடைசியில வர்ற அந்த 'லா' மட்டும் அவங்களோடது.

"அழகா இருக்கு லா! எங்கயாவது கல்யாணமா?"

"இல்ல, இன்னிக்கு முதல் நாளாச்சே, அதான்."

ஒரு மாதிரி பாத்துட்டு ஹெல்மெட்டைக் குடுத்தாங்க. போட்டுக்கிட்டேன். கீழ கொண்டையும் பூவும் அம்சமா வெளிய தொங்குச்சு.

"ஒரே ஒரு ரூல். வெளித் தீனி எதுவும் குதிரைக்குப் போகக் கூடாது. குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது பின்வழியாத்தான் வந்தாகணும்."

"ச்சே ச்சே, நான் ஏன் குடுக்கப் போறேன்!"

எனக்குக் குடுத்த குதிரை பேரு மஃபின். பேரைக் கேட்டு ஏதோ செல்லக்குட்டின்னு நினைச்சேன். நிமிந்து பாத்தா கழுத்து வலிக்குது! அவ்ளோ ஒசரம்.

குனிஞ்சு லத்தி அள்ளிட்டிருந்தேன். பின்னாடி யாரோ கொண்டையை மெதுவா இழுத்த மாதிரி இருந்துச்சு. திரும்பினா மஃபின். மூக்கை என் பிடரியில வச்சு உரசுது!

அடடா, வந்த அரை மணி நேரத்துல என்னைப் பிடிச்சுப் போச்சே! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. உடனே ஒரு செல்ஃபி எடுத்து, "மை நியூ பெஸ்ட் ஃப்ரெண்ட்"னு போட்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல தட்டி விட்டேன்.

பிடோக்ல இருக்குற என் தங்கச்சிகிட்ட இருந்து பதில் வந்துச்சு. "அக்கா, குதிரை வாயில என்ன அது வெள்ளையா?"

பெருசு பண்ணிப் பாத்தேன். மல்லிப்பூ.

தலையில கை வச்சேன். ரெண்டு கொண்டை ஊசியும் இருக்கு. பூ இல்ல. மஃபின் கடைசி மொட்டை மென்னு முழுங்கிட்டு, இன்னும் இருக்கான்னு என்னையே பாக்குது.

பேசாம இருந்துடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். பொய் சொல்லுவானேன், நாலு நிமிஷம் நினைச்சேன். பூ செரிச்சிடும். ஆனா அந்த நூலு? சரம் கட்டின நூலு குடல்ல சிக்கிக்கிட்டா?

ஓடிப் போயி மிஷெல்கிட்ட சொல்லிட்டேன். அவங்க உடனே குதிரை டாக்டருக்கு போன் போட்டாங்க.

டாக்டர் சொன்னது இதுதான்: நூல் முழுசா வெளிய வந்துட்டா பயமில்ல. கொஞ்சம் உள்ள தங்கினாலும் மஃபினை ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும். அதுவரைக்கும் அது போடுற ஒவ்வொரு லத்தியையும் பிரிச்சுப் பாக்கணும்.

யாரு பாக்குறது? லாயத்துல எல்லாரும் என்னையே பாத்தாங்க.

சனிக்கிழமை பூரா கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு மஃபினோட பின்பக்கம் உக்காந்திருந்தேன். வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. "என்ன, குதிரை ஏறிட்டியா?"

"இல்லங்க. குதிரை வெளிக்குப் போகணும்னு காத்துட்டு இருக்கேன்."

டக்குன்னு போனை வச்சிட்டாரு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு வந்துச்சு சாமி, நூலு! "வந்துருச்சு! வந்துருச்சு!"ன்னு நான் கத்தின கத்துல, பக்கத்துல குதிரைச் சவாரிக்கு வந்திருந்த ஒரு குடும்பம் அப்படியே வேற பக்கம் போயிடுச்சு.

மிஷெல் நூலைக் கழுவி டேப் வச்சு அளந்தாங்க. எழுபது சென்டிமீட்டர்.

"மொத்தம் எவ்ளோ நீளம்?"

"ரெண்டு முழம்."

"முழம்னா என்ன?"

"முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும்."

"யாரோட கை?"

"விக்கிறவங்களோட கை."

"அவங்க கை எவ்ளோ நீளம்?"

"அது… ஆளுக்கு ஆள் மாறும்."

மிஷெல் கண்ணை மூடித் திறந்தாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சு முழங்கையில இருந்து அளந்தாங்க. நாப்பத்தஞ்சு. ரெண்டு முழம்னா தொண்ணூறு. "அப்ப இருபது சென்டிமீட்டர் இன்னும் உள்ள இருக்கு லா!"

"இல்லல்ல, பூக்காரங்க முழம் கொஞ்சம் சின்னதா இருக்கும்!"

"ப்ரூவ் பண்ணுங்க. ஆறு மணிக்குள்ள. இல்லன்னா ஆஸ்பத்திரி வண்டியை வரச் சொல்லிடுவேன். உங்க ட்ரையலும் அதோட முடிஞ்சுது."

டேப்பைத் தூக்கிக்கிட்டு டாக்ஸி பிடிச்சேன். டிரைவர் ஜன்னலை இறக்கி விட்டாரு. நான் ஏன்னு கேக்கல.

ஞாயித்துக்கிழமை தேக்கா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கூட்டத்துல முட்டி மோதி கடைக்குப் போய்ச் சேந்தேன்.

"அக்கா, நேத்து காலையில எனக்குக் குடுத்தீங்கல்ல, அது ரெண்டு முழம் இருந்துச்சா?"

அக்கா மூஞ்சி மாறிடுச்சு. "ஏம்மா, குறையுதுன்னு சொல்ல வந்தியா?"

"குறைஞ்சிருந்தா ரொம்ப நல்லதுக்கா!"

"என்ன கிண்டலா?" சட்டுன்னு ஒரு சரத்தை எடுத்தாங்க. முழங்கைக்கு மேலயே பிடிச்சு, விரல் நுனியைத் தாண்டி இழுத்தாங்க. "இந்தா, அளந்துக்க!"

அளந்தேன். நாப்பத்தெட்டு. ரெண்டு முழம்னா தொண்ணூத்தாறு!

"இப்படி இல்லக்கா. எப்பவும் எனக்கு அளப்பீங்கல்ல, அப்படி அளங்க."

"எப்பவும் இப்படித்தான் அளக்குறேன்!" இது எனக்கு இல்ல, சுத்தி நின்ன கஸ்டமருங்களுக்கு.

வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். லாயம், கொண்டை, லத்தி, நூலு, ஆறு மணி. சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு.

அக்கா சரத்தைக் கீழ வச்சாங்க. "நம்ம பூவைத் தின்னது குதிரையா?"

"ஆமாக்கா."

"உசுருக்கு ஆபத்தா?"

"அதை உங்க கைதான்க்கா சொல்லணும்."

முன்னாடி நின்ன ரெண்டு பேருக்கும் அவசர அவசரமா பூவைக் குடுத்து அனுப்பினாங்க. இந்தப் பக்கம் பாத்தாங்க, அந்தப் பக்கம் பாத்தாங்க. "கிட்ட வா"ன்னாங்க.

முழங்கைக்கு நாலு விரல் கீழ சரத்தைப் பிடிச்சாங்க. நடுவிரலை உள்ள மடக்கினாங்க. "இதான். அளந்துக்கிட்டுப் போ. யார்கிட்டயும் சொல்லாத."

முப்பத்தஞ்சு! ரெண்டு முழத்துக்கு எழுபது! கரெக்ட்டா எழுபது!

அக்காவைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். "மெதுவா அழும்மா, கஸ்டமர் பாக்குறாங்க"ன்னு முதுகுல தட்டினாங்க.

மிஷெலுக்கு போன் போட்டேன். "எழுபது! மொத்தமே எழுபதுதான்!"

"அப்ப அவங்க உங்களை ஏமாத்தினாங்களா?"

"ஆமா! பத்து வருஷமா!" இவ்ளோ சந்தோஷமா நான் எதையும் சொன்னதில்ல.

வண்டி வேணாம்னு சொல்லிட்டாங்க. "நீங்களா வந்து உண்மையைச் சொன்னீங்க. லத்தியையும் ஒழுங்கா பாத்தீங்க. அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க. தலையில முடி மட்டும் போதும் லா."

சேத்துக்கிட்டாங்க மக்களே! சந்தோஷத்துல அதே கடையில வீட்டுக்கு இன்னும் ரெண்டு முழம் வாங்கினேன். அக்கா கண்ணு கலங்கி, "உனக்குன்னு நிறைச்சு அளந்திருக்கேம்மா"ன்னு குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து டேப் வச்சுப் பாத்தேன். அறுபத்தெட்டு.