இரண்டாம் சரணத்தில் வந்த கப்பல்

அவசரத் தேவைக்கு ஒரு பொருளை வாங்கும்போது விலைப்புள்ளி கோர வேண்டியதில்லை. பொறுப்பு அதிகாரி தம் பொறுப்பிலேயே வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு விதி உண்டு. துறைமுக அலுவலகத்தின் ஒப்பந்தப்புள்ளிப் பிரிவில் தலை நரைக்கும்வரை இருந்தவன் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த விதியைப் பாடமாக எடுத்தவன். என் மனைவியின் கிறிஸ்துமஸ் பாட்டு விஷயத்தில் பொருந்தியிருக்க வேண்டிய ஒரே விதியும் அதுதான். அதைத் தவிர மற்ற எல்லா விதிகளையும் நான் கடைப்பிடித்தேன்.

என் மனைவி ரோஸ்லின், பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் பெண்கள் பாடகர் குழுவை அவள்தான் நடத்துகிறாள். அந்த வருடம் அவளே ஒரு பாட்டு எழுதி, அவளே மெட்டும் போட்டாள். நல்ல பாட்டு. (நான் சொல்வதால் நம்ப வேண்டாம், எனக்குத் தாளமும் தாழ்ப்பாளும் ஒன்றுதான்.)

அவளுக்கு ஓர் அக்கா, ஜெபமணி. சாத்தான்குளத்தில் இருக்கிறார். அந்த மதினியின் சபைக் குழுவும் வருடா வருடம் ஒரு பாட்டு வெளியிடும். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு எப்போதும் அவர் வீட்டில். பிரியாணி இலைக்கு வரும் முன்பு அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டாக வேண்டும். அதற்கு முந்தின கிறிஸ்துமஸில், பாட்டு முடிந்ததும் மதினி போனை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏளா ரோஸு, நீயும்தான் வருசம் பூரா பாடுத. ஒம் பாட்டு எப்ப இதுல வரும்? பேரப் போட்டுத் தேடுனா வரணும், அதாம் பாட்டு. வாட்ஸப்புல அனுப்புததெல்லாம் ஒரு பாட்டா?"

ரோஸ்லின் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டே ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆக, நவம்பர் தொடக்கத்தில் பாட்டு தயார். முத்தையாபுரத்தில் குழுவைச் சேர்ந்த செல்வக்கனியின் வீட்டு மாடியில், ஒலிப்பதிவுக்காரர் ஒருவரை வரவழைத்துப் பதிவு செய்தார்கள். ரோஸ்லின் அந்த ஒலிக்கோப்பை என்னிடம் கொடுத்தாள்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா அவ கையாலயே அவ போன்ல எம் பேரத் தேடணும். பாட்டு வரணும். இதுக்குன்னு கம்பெனி இருக்காம், அவங்ககிட்ட குடுத்தா எல்லா எடத்துலயும் ஏத்தி விட்டுருவாங்களாம். ஒண்ணப் பாத்துக் குடுத்துருங்க."

ஒன்றைப் பார் என்றாள். நான் நான்கைப் பார்த்தேன்.

முதல் நிறுவனத்துக்கு வருடச் சந்தா. பாட்டுக்கு வரும் ராயல்டி முழுவதும் நமக்கே. ஆனால் சந்தா கட்டாத வருடம் பாட்டைத் தூக்கிவிடுவார்கள். வாடகை வீடு. இரண்டாவது நிறுவனம் முன்னால் ஒன்றும் கேட்காது. வருகிற ராயல்டியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்ட வயல். மூன்றாவது, பாட்டுக்கு ஒரே தடவை கட்டணம் வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க வைத்திருக்கும். அதன் பிறகும் ராயல்டியில் கொஞ்சம் கிள்ளும். நான்காவது இலவசம் என்றது. உள்ளே போய்ப் பார்த்தால், வெளியாகும் தேதியை நாமே குறிப்பதற்குத் தனிக் கட்டணம், பாட்டு வரிகளைச் சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம். டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொண்டு, கம்பியைப் பிடித்தால் காசு கேட்கிற பஸ்.

நான்கையும் ஒரே ஒப்பீட்டு அட்டவணையில் நிறுத்த வேண்டும். சிலர்தான் கேட்பார்கள் என்றால் பங்கு கேட்கிற கம்பெனி மலிவு. ஊரே கேட்கும் என்றால் சந்தா மலிவு. எனவே, பாட்டை எத்தனை பேர் எத்தனை முறை கேட்பார்கள் என்ற உத்தேச மதிப்பு இல்லாமல் கோப்பு நகராது. அடுத்த ஒத்திகையன்று நேரே பாடகர் குழுவின் முன் போய் நின்றேன்.

"இந்தப் பாட்டை நீங்கள் ஒவ்வொருவரும் மாதம் எத்தனை முறை கேட்பீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றேன்.

 செல்வக்கனி கேட்டாள்: "நான் பாடுனத நானே எதுக்கு அண்ணாச்சி கேக்கணும்?"

"குடும்பத்தார் கேட்பார்கள் அல்லவா?"

"எங்க வீட்டுக்காரர் நான் நேர்ல பாடுனாலே எந்திரிச்சு வெளிய போயிருதாரு. அவரு போன்லயா கேக்கப் போறாரு?"

ரோஸ்லின் ஆர்மோனியத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

கேட்கிறவர் கணக்கு கிடைத்தும் பெரிய பயன் இருந்திருக்காது. ஒருவர் ஒரு தடவை கேட்டால் கிடைக்கும் ராயல்டி, பைசாவில்கூடச் சொல்ல முடியாத அளவு. எங்கள் அலுவலக வழக்கப்படி அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கினால் அது பூஜ்யம். பூஜ்யத்தில் எந்தப் பங்கு போனாலும் மீதி பூஜ்யம்தான் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பொருள், பார்வை எல்லாம் முறையாக இட்டு, நான்கு நிறுவனங்களுக்கும் விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. "ஹாய்! எங்களைத் தொடர்புகொண்டதில் மகிழ்ச்சி!" என்று தொடங்கி "அன்புடன், மாக்ஸ்" என்று முடிந்தது. மாக்ஸின் பதவி குறிப்பிடப்படவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். மாக்ஸுக்கு மறுபடியும் அதே அளவு மகிழ்ச்சி.

"அது ஆளே இல்லங்க, மிசினு" என்றாள் ரோஸ்லின்.

"மிசினாக இருந்தாலும் கடித எண் போட வேண்டாமா?"

ஒருவழியாக மூன்றாவது நிறுவனத்தைத் தேர்வு செய்து ஆணையிட்டபோது டிசம்பர் பாதி ஓடியிருந்தது. (ஆணையில் கையெழுத்திட்டவன் நான். பெற்றுக்கொண்டவனும் நான்.)

பாட்டை ஏற்றுகிற பக்கத்தில் வரிசையாகக் கேள்விகள். பாட்டை எழுதியவர் யார், இசை யார் என்பதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு கேள்வி: 'இந்தப் பதிவில் பிறருக்குச் சொந்தமான ஒலி ஏதேனும் உள்ளதா?'

எல்லோரும் 'இல்லை' என்று குத்திவிட்டுப் போகிற இடம் அது. தணிக்கைக்குப் பயந்தே வாழ்ந்தவன் அப்படிப் போக முடியுமா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கேட்டேன். இரண்டாம் சரணத்தில் பெண்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில், தூரத்தில், கனமாக, நீளமாக, 'பூ...ம்' என்று ஒரு சத்தம். கப்பல் ஹாரன். முத்தையாபுரத்து மாடியில் கதவை அடைத்தாலும் துறைமுகம் உள்ளே வந்துவிடும்.

'ஆம்' என்று குறித்தேன். விவரம் கேட்ட கட்டத்தில் எழுதினேன்: 'அடையாளம் தெரியாத சரக்குக் கப்பல் ஒன்றின் ஹாரன். உரிமையாளரிடம் அனுமதி பெறப்படவில்லை.'

அதுவரை மெத்தனமாக இருந்த நிறுவனம் அன்றைக்குத்தான் சுறுசுறுப்பானது. மறுநாளே பதில்: பாட்டு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, ஒலியின் உரிமையாளரிடமிருந்து அனுமதிக் கடிதத்தை இணைக்கவும்.

ரோஸ்லின் அதைப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"கப்பல் கேட்டுச்சா, அவங்க கேட்டாங்களா? நீங்களா எதுக்குப் போயி வாயக் குடுத்தீங்க?"

"கேள்வி இருக்கிறது. பதில் சொல்ல வேண்டாமா?"

"சரி, இல்லன்னு போட்டுத் திருப்பி அனுப்புங்க."

"எழுத்துப்பூர்வமாக உண்டு என்று சொல்லியாயிற்று. இப்போது இல்லை என்றால் பொய் உறுதிமொழி ஆகிவிடும்."

"அப்ப போயி கப்பலக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. கிறிஸ்துமஸுக்கு எங்கக்கா கேப்பா, நான் என்னத்தச் சொல்லட்டும்?"  அவள் கேட்டது பாட்டு வர வேண்டும் என்று மட்டும்தான். அதைத் தவிர எல்லாவற்றையும் நான் செய்து கொடுத்திருந்தேன்.

மறுநாள் சவரிமுத்துவைப் போய்ப் பார்த்தேன். கப்பல் ஏஜென்சி ஒன்றில் நெடுங்காலம் இருந்த என் சிநேகிதன். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏலே, ஹாரன் அடிச்ச கப்பலுக்கு நோட்டீஸ் குடுத்தவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்ல!"

"நோட்டீஸ் இல்லை. ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் போதும். பதிவு நடந்த அன்று சாயங்காலம் எந்தக் கப்பல் நின்றது?"

"வாரது போறதுன்னு எத்தனையோ நிக்கும். எது கத்துச்சுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

நான் எழுந்து போகவில்லை. நான் போக மாட்டேன் என்பது புரிந்ததும் அவன் ஒரு கப்பலின் பெயரையும் அதன் கம்பெனியின் பெயரையும் சொன்னான். வெளிநாட்டுக் கம்பெனி. அன்றைக்கே விண்ணப்பம் அனுப்பினேன். 'மிக அவசரம்' என்று தலைப்பில் சிவப்பில் இட்டேன்.

கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

சாத்தான்குளத்தில் இலை போட்டாயிற்று. மதினி குழுவின் பாட்டு ஒலித்து முடிந்து, பிரியாணியும் வந்தது. மதினி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வீட்டார் அத்தனை பேரும் பார்க்க, போனில் தேட ஆரம்பித்தார்.

"ரோஸு, ஒம் பேருதான போடணும்? ஒண்ணும் வரலியேளா. ஏதோ ரோசாச் செடி வளக்குற வீடியோல்லா வருது."

ரோஸ்லின் என்னைப் பார்க்கவே இல்லை. "வராதுக்கா. அதுல ஒரு கப்பல் ஹாரன் அடிச்சிருச்சு. இவுக அதுக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்காக. கப்பல் இன்னும் பதில் போடல."

சகலை தனராஜ் வாயில் வைத்த அப்பளத்தை வெளியே எடுத்தார். "யாருக்கு எழுதியிருக்காரு?"

"கப்பலுக்கு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிரியாணி ஆறியது. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிளா, நீயே பாடு. கேப்போம்" என்றார். குரலில் கேலி இல்லை.

ரோஸ்லின் இருந்த இடத்திலேயே பாடினாள். முதல் சரணத்தில் பந்தியில் பேச்சு நின்றது. மதினியின் விரல் மேசையில் தாளம் போட ஆரம்பித்தது. இரண்டாம் சரணத்தில், மூச்சு வாங்குகிற அந்த இடம் வந்தது. ரோஸ்லின் நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அடிங்க."

"என்னத்தை?"

"ஹாரன அடிங்க. இந்த எடத்துல அது வரும். நீங்கதான கண்டுபிடிச்சீங்க?"

பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது. ஒப்பந்தப்புள்ளிகளைத் திறக்கும் கூட்டத்தில் எத்தனையோ முதலாளிகளைப் பதற வைத்தவன் நான். அந்த நான், கையில் எலும்புத் துண்டோடு, கழுத்தை நீட்டி, அடிவயிற்றிலிருந்து 'பூ...ம்' என்றேன்.

அவள் சரியாக அடுத்த வரியை எடுத்தாள். பாட்டு முடிந்ததும் மதினி சொன்னார்: "நல்லா இருக்குளா. ஆனா ஹாரன் இல்லாமப் போட்டுராத."

ஜனவரியில் மறுபடியும் பதிவு நடந்தது, இந்த முறை ஊருக்குள், கப்பல் சத்தம் எட்டாத ஓர் அறையில். ஹாரன் மட்டும் நான். ரோஸ்லின் அடுப்பில் தோசையை வைத்துக்கொண்டே, போனிலேயே, பங்கு எடுக்கிற அந்த இரண்டாவது நிறுவனத்தின் வழியாகப் பாட்டை ஏற்றினாள். ஒப்பீடு கிடையாது. தோசையும் கருகவில்லை. ராயல்டியை யார் யாருக்கு எப்படிப் பிரிப்பது என்று அங்கே ஒரு கேள்வி. பாடிய பெண்கள் எல்லோருக்கும் சம பங்கு, ஹாரனுக்குப் பூஜ்யம் என்று போட்டாள். காரணம் கேட்டேன். "முழுமையாக்கிட்டேன்" என்றாள்.

இப்போது மதினி தம் போனில் ரோஸ்லின் பெயரைத் தேடினால் பாட்டு வருகிறது. சாத்தான்குளத்தில் என் பெயர் ஹாரன் சித்தப்பா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் கத்திய பிறகுதான் பிரியாணி. வீட்டில் இருக்கும்போது துறைமுகத்துப் பக்கம் கப்பல் சத்தம் கேட்டால், ரோஸ்லின் சமையலறையிலிருந்தே "அனுமதி வாங்கியாச்சா?" என்று கேட்பாள்.

கப்பல் கம்பெனியின் பதிலும் வரத்தான் செய்தது. மிகவும் மரியாதையான கடிதம். எங்கள் கப்பலின் ஹாரனைப் பாட்டில் பயன்படுத்துவதில் ஆட்சேபணை ஏதுமில்லை. ஆனால் தாங்கள் குறிப்பிடும் நாளில் எங்கள் கப்பல் தங்கள் துறைமுகத்துக்கு வரவே இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம், என்று இருந்தது. (சவரிமுத்துவிடம் கேட்டேன். "நீ எந்திரிச்சுப் போவணும்னு வாய்க்கு வந்த பேரச் சொன்னேம்ல" என்றான்.) கடிதம் வந்த நாள் ஆகஸ்ட் ஐந்து. பனிமய மாதா திருவிழா, உள்ளூர் விடுமுறை. விடுமுறை நாளில் வரும் கடிதத்தை மறு வேலை நாளில் பெற்றதாகத்தான் கொள்ள வேண்டும். ஆகவே கோப்பில் நான் எழுதி வைத்திருப்பது: பதில் பெறப்பட்டது, ஆகஸ்ட் ஆறு.