எட்டாவது மாடியும் ஒரு குதிரையும்

வீட்டை விற்றுவிட்டு ஈப்போ நகரில் எட்டாவது மாடிக்குக் குடிபோவது என்று தீர்மானித்தேன். காரணம் ஒன்றுதான். பாம்பு படி ஏறும். ஆனால் எட்டு மாடி ஏறி என்னைப் பார்க்க வரும் அளவுக்கு அதற்கு என்மேல் பாசம் கிடையாது.

சிம்பாங் பூலாய் பக்கத்தில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. அழித்தவர்கள் எங்கள் பின்வேலியோடு களைத்துப்போய் நின்றுவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் ரப்பர் மரங்கள், முழங்கால் உயரத்துக்கு லாலான் புல். தோட்டத்தில் பிறந்தவர்கள் இருட்டிய பிறகு பாம்பின் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் வந்துவிடுமாம். 'பூச்சி' என்போம். நான் பகலிலும் பூச்சி என்றே சொல்லிவந்தேன்.

மனைவி கலாதேவி வர மறுத்தாள். முருங்கையும் வெண்டையும் போட்டிருக்கிறாள். வேலிக்கு மேலே பேச, பக்கத்து வீட்டு வீரம்மா இருக்கிறார்.

"எட்டாவது மாடியில நின்னுகிட்டு வீரம்மா அக்காவ எப்படிங்க கூப்பிடுறது?"

பயமுறுத்தினால் வருவாள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் மகன் சுரேன் சிங்கப்பூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன கேம் ஒன்று இருந்தது. ஒரு தீவின் காட்டைச் சுற்றிப் பார்க்கும் விளையாட்டு. புதருக்குப் புதர் பாம்பு. கடித்தால் திரை சிவக்கும், ஆள் சாவான். அதை டிவியில் போட்டு அவளை உட்காரவைத்தேன். திரையைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. குசினி வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல முறை செத்தாள். முகம் மாறவில்லை.

"செத்தாலும் எழுப்பி விடுறான்லா. நல்ல ஆளுங்க" என்றாள்.

கொஞ்ச நாளில் அந்தத் தீவில் விஷமுறிவு மருந்து செய்ய ஒரு கொட்டகையே கட்டிவிட்டாள். பாம்பின் தலையைப் பிடித்து, குவளையின் விளிம்பைக் கடிக்கவைத்து விஷம் எடுப்பாள். அதை மருந்தாக்குவது ஒரு குதிரையாம். எப்படி என்று கேட்டேன்.

"ஒரேயடியா குடுத்தா செத்துரும். துளியிலயும் துளியா ஆரம்பிச்சு, பொறுத்துப் பொறுத்துக் கூட்டணும். அதோட ரத்தத்துல விஷத்த முறிக்கிற சத்து ஊறும். அப்புறம் ரத்தம் எடுத்து, அந்தச் சத்த மட்டும் பிரிச்சு சுத்தம் பண்ணா, கடிபட்டவங்களுக்கு மருந்து."

"குதிரைக்கு என்ன கிடைக்கும்?"

"கொள்ளு."

ஒரு நாள், குழம்பைக் கிண்டிவிட்டு வரும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்லி விளையாட்டை என் கையில் கொடுத்தாள். கடற்கரைதான், பூச்சி கிடையாது என்றாள். நடந்தேன். அடுத்த தடவை குழம்பு கொஞ்சம் நேரமெடுத்தது. காட்டோரம் வரை போனேன். பிறகு அவளுக்கு மூக்குக் கண்ணாடி அடிக்கடி காணாமல் போனது. அது நாகமா சாரையா என்று நான்தான் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. தீபாவளி வருவதற்குள் தலையைப் பிடிப்பதே என் வேலையாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாகப் பயந்ததை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பார்க்காத பாம்புக்கு நீளம் அதிகம்.

ஒரு சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றிய பிறகு, துணி துவைக்கும் மெஷின் பின்னாலிருந்து ஒன்று வந்தது. தலையைப் பார்த்தேன், உடம்பைப் பார்த்தேன். கதவைச் சாத்தி, பிடிப்பவர்களுக்குப் போன் செய்து, 'வீட்டுல பாம்பு' என்றேன். அவர்கள் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். இவ்வளவு நேரமும் கலாதேவி பாம்பைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு வச்சப்புறம் 'பாம்பு'ன்னு சொல்லிட்டீங்க."

"சொன்னா என்ன? வெறும் சாரை."

"அப்ப வீடு?"

"ஒரு சாரைக்காக யாராச்சும் வீட்ட விப்பாங்களா?"

இதைக் கேட்டது நான்தான்.

மறுநாள் வீரம்மாவின் கணவர் தர்மேந்திரன் வந்தார். எட்டாவது மாடி விளம்பரத்தை நான் ஒருமுறை காட்டியதிலிருந்து அவரும் வீட்டை விற்கத் துடித்துக்கொண்டிருந்தார். இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இவருகிட்ட கேளுங்கண்ணே, நல்லா சொல்லுவாரு" என்றாள் கலாதேவி.

சொன்னேன். பல்லைப் பற்றி, தலையைப் பற்றி, பயத்தைப் பற்றி, நெடுநேரம் சொன்னேன். கிளம்பும்போது அவர் கால்கள் தரையில் இருந்தன. வாசல் வழியாகப் போகாமல், லாலான் பக்கமாகப் பின்வேலியைத் தாண்டியே வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வேலியோரம் வீரம்மாவின் குரல் கேட்டது.

"மருந்து பிடிச்சிருச்சுலா கலா. இனிமே விக்கமாட்டாராம்."

"கடைசி வீட்டு அக்காவும் கேட்டிருக்காங்க. நாளைக்கு அவங்க வீட்டுக்காரர வரச்சொல்லியிருக்கேன்."

ஊருக்கே என் பேச்சு பயன்படுகிறது என்ற பெருமையோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

கலாதேவி கொள்ளு அவித்து வைத்திருந்தாள்.