ஆக்லாந்தில் ஒரு பன்றித் துண்டைப் பங்கிட்ட வரலாறு

சமோவா அரசின் மரபுணவுத் தர ஆணையம் கூடி ஒரு முடிவெடுத்தது. ஆக்லாந்தில் நம் நாட்டுச் சாப்பாடு போடுவதாகச் சொல்லிக்கொள்ளும் உணவகம் ஒன்று சான்றிதழ் கேட்டிருந்தது. மூவர் குழு நேரில் போய் உண்டு, ஒருமனதாக அறிக்கை தர வேண்டும். இயக்குநர் துயிமாவே தலைவர். துணை இயக்குநர் செமிசி, சபையில் தலைவருக்காகப் பேசும் பேச்சாளர் குலத்தவர் என்பதால், குழுவின் பேச்சாளர். மூன்றாவது ஆள் லஃபாயெலே, பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பெட்டி தூக்க ஆள் கூட்டிப்போக விதியில் இடமில்லாததால், அவரைச் 'சுவை வல்லுநர்' என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள்.

"பயணம் நல்லபடியா முடியட்டும் தம்பி. திரும்பி வந்ததும் உன் நிரந்தர ஆணையில கையெழுத்துப் போட்டுடறேன்" என்று விமானத்திலேயே வாக்குக் கொடுத்தார் துயிமாவே. லஃபாயெலேயின் மனைவி அந்தச் செய்தியை அதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்திருந்தாள்.

விருந்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமென்று மூவரும் மதியம் பட்டினி கிடந்தார்கள். பெயர்ப்பலகைகூட வைக்காத அளவுக்குப் பெரிய உணவகம் அது. முதலில் ஒரு கல் வந்தது. கல்மேல் நகத்தளவில் ஒரு சேப்பங்கிழங்குச் சீவல். அடுத்தது தேங்காய்ப்பால் நுரை. மூன்றாவது தட்டின் மூடியைத் திறந்தால் புகை. புகை போனதும் தட்டு காலி.

"இது உங்க ஊர் மண்ணடுப்புப் புகையோட நினைவு" என்றாள் பரிமாறிய பெண்.

துயிமாவே ஆழ்ந்து தலையசைத்தார். வெளிநாட்டில் விளங்காத எதற்கும் தலையசைப்பது ஆணையத்தின் நீண்டகால நடைமுறை.

நான்காவதாகத்தான் பன்றி வந்தது. மூவருக்கும் சேர்த்து, தீப்பெட்டி அளவில் ஒரே துண்டு. லஃபாயெலேயின் கை தானாக நீண்டது. செமிசி அதைத் தட்டிவிட்டார்.

"என்னப்பா அவசரம்? பன்றின்னா பங்கு முறைன்னு ஒண்ணு இல்லையா? முதுகு தலைவருக்கு, கால் பேச்சாளனுக்கு."

"அண்ணே, இதுல முதுகு எது, கால் எது?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

செமிசி கண்ணாடி மாட்டிக்கொண்டு துண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொழுப்புள்ள பக்கமே முதுகு என்று தீர்ப்புச் சொன்னார் துயிமாவே. அப்படியானால் தமக்கு வெறும் நார்தான் மிஞ்சும், அது பேச்சாளர் குலத்துக்கே அவமதிப்பு என்றார் செமிசி. துண்டு ஆறிக்கொண்டிருந்தது. லஃபாயெலேயின் வயிறு பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி முறையிட்டது. கடைசியில் சமையல் தலைவரையே அழைத்தார்கள். டங்கன் என்ற ஒல்லி இளைஞர், கைநிறையப் பச்சை குத்தியவர், ஓடிவந்தார்.

"இது வயித்துக் கறிங்க. முப்பத்தாறு மணி நேரம் வேக வெச்சோம்."

வயிற்றுக் கறி இருவரில் எவர் தகுதிக்கும் உரியதல்ல.

"அப்ப நான் எடுத்துக்கவாங்க, ஐயா?" என்றார் லஃபாயெலே மெதுவாக.

"தலைவர் தொடாததை நீ எப்படிய்யா தொடுவே?" என்றார் செமிசி.

துண்டு வந்தபடியே சமையலறைக்குத் திரும்பிப் போனது. டங்கனின் முகம் வாடிவிட்டது. நிலைமையைச் சரிசெய்ய செமிசி எழுந்து, இத்தகைய நுண்ணிய விருந்தை எம் முன்னோரும் கண்டதில்லை என்று அரை மணி நேரம் நன்றியுரை ஆற்றினார். அதில் பொய் எதுவும் இல்லை. மீதித் தட்டுகள் உரை முடிவதற்குள் வந்து உருகிப் போயின.

மறுநாள் காலை அறிக்கைப் படிவம் நிரப்பப்பட்டது. நான்காம் கேள்வி: உண்டவர் வயிறு நிறைந்ததா? துயிமாவே 'ஆம்' என்று எழுதினார். செமிசி 'ஆம், மிகவும்' என்றார். லஃபாயெலேயின் பேனா நகரவில்லை.

"ஐயா, எனக்கு இன்னும் தலை சுத்துது."

"இல்லைன்னு எழுதினா, அரசாங்கமே நம்மளைக் கூட்டிட்டுப் போய் பட்டினி போட்டதா ஆகும். அடுத்த பயணம் கிடைக்குமா? உன் ஆணைதான் கிடைக்குமா?" என்றார் துயிமாவே.

லஃபாயெலே 'ஆம்' என்று எழுதினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்து அழகாக விழுந்தது.

ஒருமனதான அறிக்கையை அமைச்சகம் முழுமனதோடு ஏற்றது. மூன்று வளர்ந்த ஆண்களுக்கு அவ்வளவே போதும் என்பது ஆவணத்தில் நிரூபணமாகிவிட்டதால், இனி எல்லா அரசு விருந்துக்கும் அதுவே அளவு என்று சுற்றறிக்கை போனது. அதைக் கண்காணிக்க ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்கி, அதில் லஃபாயெலேயை அமர்த்தினார்கள்.

ஆறு மாதம் கழித்து, சான்றிதழ் வாங்க டங்கன் நம் தலைநகர் ஆப்பியாவுக்கு வந்தார். அழைத்துப்போக வந்த லஃபாயெலேயின் காரில் ஏறியதுமே வயிற்றைத் தடவினார்.

"நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடலைங்க. என் கடைச் சாப்பாட்டுல எனக்கே பசி அடங்காது. உங்க ஊர் விருந்தை நம்பித்தான் வந்திருக்கேன்!"

லஃபாயெலே சாலையையே பார்த்தபடி மண்டபத்துக்கு வண்டியை ஓட்டினார்.

மண்டபத்தில் ஊர்த் தலைவர்கள், போதகர்கள், பாடகர் குழு என்று இருநூறு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கல், கல்மேல் ஒரு சீவல். மேஜை ஒடியும்படி சாப்பாடு குவித்துவிட்டு, "ஒண்ணும் பெரிசா செய்யல, மன்னிக்கணும்" என்று வெட்கப்படுவது நம்மவர் வழக்கம். அன்று அதைச் சொல்லும் பொறுப்பு நிரந்தர அலுவலருடையது. லஃபாயெலே எழுந்தார். நம் தேசத்தில் முதல்முறையாக அந்த வாக்கியம் உண்மையாகச் சொல்லப்பட்டது.

அதற்கு விருந்தினர் சொல்ல வேண்டிய மறுமொழியும் வழக்கத்தில் உண்டு. இருநூறு பசித்த வாய்களும் ஒரே குரலில் சொல்லின.

"ஐயோ, இதுவே ரொம்ப அதிகம்!"

எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் டங்கன்.