ஜன்னலோர இடம்

காலை ஆறரை. காலிம்பொங்கிலிருந்து சிலிகுரிக்கு இறங்கும் ஷேர் ஜீப்பில் ஓர் இடம்தான் காலி. முன்வரிசை, ஜன்னலோரம்.

பின்சீட்டில், இஞ்சி மூட்டைக்கும் ஒரு கிழவரின் முழங்காலுக்கும் நடுவே மடங்கிக் கிடந்த பூர்ணா தலையை நீட்டினார்.

"ஏம்மா, வண்டிய எடுக்கச் சொல்லேன்!"

டிக்கெட் ஜன்னலிலிருந்து பினிதா சொன்னாள்: "அந்த சீட்டுக்குக் காசு வந்தாச்சு அண்ணே. ஆள் வரணும்."

"எந்த மகாராஜா அவன்?"

"யாரோ போன்ல சொன்னாங்க. லேட்டாத்தான் வருவாராம். விட்டுட்டுப் போகக் கூடாதாம்."

சிலிகுரி ஆஸ்பத்திரியில் பூர்ணாவின் தம்பி கிடந்தான். இன்று தாண்டுவது கஷ்டம் என்று தம்பி மகள் விடியும்போது போன் செய்தாள். மூக்கில் குழாயோடு ஒரு படமும் ஷேர் செய்திருந்தாள். நிலத்தில் தன் ஷேரைத் தம்பி கேட்ட நாளோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் பூர்ணாவுக்கு.

"எல்லாரும் கத்துங்க! அப்பத்தான் எடுப்பான்."

அவர் ஒருவர்தான் கத்தினார். காதைப் பொத்திக்கொண்டு இரண்டு கல்லூரிப் பெண்கள் இறங்கி வேறு ஜீப்புக்குப் போனார்கள்.

"இப்ப மூணு சீட்டு காலி," என்றார் டிரைவர் சேரிங். "ஷேர் வண்டின்னா நிறையணும்."

பூர்ணா இறங்கி ஓடினார். சந்தை முனையில் ஒரு புதுமண ஜோடியைப் பிடித்தார். ஜோடியோடு மெத்தை வந்தது, பீரோ வந்தது, ஒரு சேவலும் வந்தது. பீரோவைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். அவிழ்ந்தது. மறுபடி கட்டினார்கள். சேவல் ஓடியது. பூர்ணாதான் துரத்திப் பிடித்தார். அதற்குள் சேரிங் மோமோ தின்னப் போயிருந்தார்.

சேவல் கையில் இருக்கும்போதே போன் அடித்தது.

"பெரியப்பா..." தம்பி மகள்தான். "மெதுவாவே வாங்க."

பூர்ணா சேவலை மணப்பெண்ணிடம் கொடுத்தார். பின்சீட்டில் ஏறி மூட்டையோரம் ஒடுங்கினார்.

சேரிங் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சரிண்ணே, உங்களுக்காக அந்த ஆளை விட்டுட்டுக் கிளம்பறேன். போதுமா?"

"வேணாம். வரட்டும். எனக்கு இனி அவசரமில்ல. என் தம்பி தில்மணி போயிட்டான்."

பினிதா எழுந்து வெளியே வந்தாள்.

"தில்மணியா? காசு அந்தப் பேர்லதான் வந்துது. 'நாளைக்குக் காலையில எங்கண்ணன் எப்படியும் வருவாரு, அவருக்கு ஜன்னலோரம் இல்லேன்னா வளைவுல வாந்தி வந்துரும், அந்த எடத்தை யாருக்கும் குடுத்துராதீங்க'ன்னு நேத்து மூச்சு வாங்க வாங்கச் சொன்னாரு. அண்ணே... அந்த ஆளு நீங்கதானா?"