நல்லதுக்குத்தான் சார்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கடைக்காரரோ கம்பெனியோ அமைச்சரோ கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டால், "ரத்த ஓட்டத்துக்கு நல்லதுங்க" என்று நன்றி சொல்லிவிட்டு வருகிற இனம். எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘நல்லதுக்குத்தான் சார்’.

பற்பசைக் குழாயின் வாயை அகலமாக்கினார்கள். ஒரு மாதம் வந்தது இருபது நாளில் தீர்ந்தது. "விரல் நோகாம இருக்கத்தான்" என்றார். பிஸ்கட் பொட்டலம் பெருத்து, உள்ளே பிஸ்கட் இளைத்தது. "காத்து இருந்தாத்தானே நொறுங்காது?" இரண்டு மாத்திரை கேட்டால் பத்து உள்ள அட்டையைத்தான் தருவேன் என்கிறார் மருந்துக்கடைக்காரர். "திரும்பக் காய்ச்சல் வந்தா கைல இருக்கும்ல?" வராமல் போனால் வருத்தப்படுவார் போலிருக்கிறது. இத்தனைக்கும் இவருக்கு எந்தக் கம்பெனியாவது சம்பளம் தருகிறதா? கிடையாது. காலை ஆறு மணிக்கு வாயில் நுரையோடு பால்கனியில் நின்றுகொண்டு, எதிரே போகிற ஒவ்வொருவரிடமும் கூலி வாங்காமல் வக்காலத்து மட்டும் வாங்குகிறார்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி என்று மின்சாரத்தில் ஓடுகிற எதையும் இனி அரசு முத்திரை பெற்ற மையத்தில்தான் திறக்க வேண்டும், வேறு யார் திறந்தாலும் குற்றம். நோக்கம், மக்களின் உயிர்ப் பாதுகாப்பு. மையங்களை நடத்துகிறவர், சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரின் மருமகன். சட்டம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே ஊர் முழுக்கப் பலகை மாட்டிவிட்டார்.

"முன்யோசனை உள்ள பிள்ளை" என்றார் நம்மவர்.

இதில் ஒரு சிக்கல். தெருமுனையில், மாடிப்படிக்கு அடியில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் நம்மவரின் சொந்தத் தங்கை புருஷன். கால் நீட்ட இடமில்லாத அந்தப் பொந்தில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவின் மின்விசிறிகளைச் சுழல வைத்தவர். அவரும் முத்திரைக்கு விண்ணப்பித்துப் பார்த்தார். ஏ.சி. போட்ட வரவேற்பறை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டு மிக்சி நின்றது. மையத்தில் பதினேழு நாள் ஆகும் என்றார்கள். சார் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து, அவர் மனைவி நாத்தனார் புருஷனுக்கு ஆள் அனுப்பினார். மிக்சியின் அடியில் ‘திறந்தால் குற்றம்’ என்று ஒரு ஸ்டிக்கர், அதற்குக் கீழே ஐந்து முனை ஸ்க்ரூ. எந்தத் திருப்புளிக்கும் மசியக்கூடாது என்றே கம்பெனி செய்தது. மனிதர் அசரவில்லை. பழைய பேனா ஒன்றின் பின்பக்கத்தைத் தீயில் இளக்கி, ஸ்க்ரூவின் மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினார். உள்ளே கார்பன் தேய்ந்திருந்தது. மாற்றினார். மிக்சி ஓடியது. சாரும் உள்ளே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டீங்களா?"

"ஓடுது மச்சான், கேட்டுப் பாருங்க."

"ஓடுறதா முக்கியம்? யார் ஓட வச்சாங்கறதுதான் முக்கியம்."

கிழிந்த ஸ்டிக்கரில் ஓர் எண் இருந்தது. விதிமீறலைக் கண்டால் அழைக்கச் சொல்லும் எண். அதையெல்லாம் யாராவது அழைப்பார்களா? நம்மவர் அழைத்தார். பெயர், கடை இருக்கும் இடம், உறவுமுறை எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வந்து கடையைப் பூட்டினார்கள். திருப்புளிகளை அள்ளிக்கொண்டார்கள். சாட்சிக்கு வேண்டுமென்று மிக்சியையும் கொண்டுபோனார்கள்.

தங்கை மாடியேறி வந்தாள். அழவில்லை.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சு அவர் எங்கே போவாருன்னு மட்டும் சொல்லுண்ணே."

"மையத்துல வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்மா. நானே சொல்லி வைக்கறேன். எல்லாம் நல்லதுக்குத்தான்."

எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த வாளியை அந்த ஆள் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்த்தேனா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வாரம் என் மின்விசிறி நின்றது. தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனேன். வாசலில் தொளதொள சட்டையும் தொப்பியுமாக அந்த ரிப்பேர்க்காரர்தான் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். றெக்கையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "கண்டன்சர் போயிருக்கு சார், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் மெதுவாக. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எனக்கு முன்னால் நாற்பது பேர். "கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா எதையும் சட்டப்படி செய்யறதுதானே நல்லது?" என்றார் நடுவில் ஒருவர். வரிசை மொத்தமும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அப்படிச் சொன்னவர், இஸ்திரிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லேசாகத் திரும்பினார். முகம் சரியாகத் தெரியவில்லை. ஆமாம், இதைப் படிக்கிற நீங்கள் போன வாரம் எங்கே இருந்தீர்கள்?