வரையாட்டுக்கு வெளிச்சம் போதாது

வெளிச்ச ஆலோசகர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் சப்பரத்துக்கு சீரியல் பல்பு கட்டினாலும் சரி, ஜீப்பின் நெற்றியில் நீல விளக்கு மாட்டினாலும் சரி, கூப்பிடாமலே வந்து, கைகளைப் பின்னால் கட்டி, தலையை ஒருபக்கம் சாய்த்து, 'ச்சு' கொட்டி, "போதாது" என்று தீர்ப்புச் சொல்வார். கேட்டோமா? கேட்கவில்லை.

எங்கள் சித்திரபுரத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி சூசையப்பன். கரண்டு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகவே உலகத்து வெளிச்சமெல்லாம் தம் பொறுப்பு என்று நினைப்பு.

பக்கத்து வீட்டு ஜின்சி அக்ரிலிக் ஷீட்டில் கையாலேயே படம் கீறுகிறவள். ஷீட்டின் அடி விளிம்பில் எல்.இ.டி. பட்டையை ஒட்டினால் கீறிய கோடு மட்டும் ஒளிரும். கோட்டுக்குள் பெயிண்டைத் தேய்த்து, மேலே வழிந்ததைத் துடைத்தால் நிறமும் வரும். மூணாறு ஹோம்ஸ்டேக்காரர் மிக்கேல், மாதிரிக்கு ஒரு வரையாட்டுப் படம் கேட்டிருந்தார். பிடித்துப்போனால் எல்லா அறைக்கும் அவள்தான் செய்ய வேண்டும். தேயிலை ஃபாக்டரியின் ராத்திரி ஷிப்டுக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

"ஏ தாயி, ஆட்டைச் சுத்தி ஏன் வெறுமையாக் கெடக்கு?"

"சுத்தி இருட்டா இருந்தாத்தான் மாமா ஆடு தெரியும்."

"எனக்கே கரண்டு சொல்லித் தாரியா? கீறுன எடத்துல லைட்டு நிக்குதுல்ல? அப்போ எல்லா எடத்துலயும் கீறிட்டா?"

என்ன தர்க்கம்! ஜின்சி மிக்கேலை அழைத்துவர ரோட்டுக்குப் போன நேரத்தில், அந்த உபகாரி பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து, கொம்பிலிருந்து குளம்புவரை, சுற்றியிருந்த வெறுமையையும் சேர்த்து, ஓர் இடம் விடாமல், பாசத்தோடு தேய்த்து வைத்தார்.

மிக்கேல் வந்தார். ஸ்விட்சைப் போட்டாள் ஜின்சி. ஷீட் முழுவதும் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

"ஆடு எங்கம்மா?"

"பனிக்குள்ள நிக்குது சார், நல்லாப் பாருங்க," என்றார் சூசையப்பன்.

மிக்கேல் நல்ல மனிதர். கும்பிட்டுவிட்டுப் பிரிண்ட் படம் வாங்கப் போய்விட்டார். ஜின்சி அழுதாள். அழுத முகத்தோடு ஷிப்டுக்கும் போனாள். நல்லது செய்தால் யாருக்கும் பிடிப்பதில்லை என்று சூசையப்பன் தெரு முழுக்கச் சொல்லி வருத்தப்பட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும்தானே? நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஆட்டுக்குப் பின்னால் சும்மா ஒரு மலையாவது, ஓரமாய் ஒரு நிலாவாவது கீறியிருக்கலாமே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியது என்றால், தயவுசெய்து சித்திரபுரம் பக்கம் வந்துவிடாதீர்கள். ஜின்சி இன்னொரு ஷீட் வாங்கியிருக்கிறாள்.