மூன்று கால் கோழியும் ஒரிஜினல் அங்கிளும்

யாரோ ஒரு தொழிலாளி அவசரத்தில் போட்டுவிட்டுப் போன கிறுக்கலைத் துடைப்பது சுத்தமா, குற்றமா? சமூகநலத்தில் முதுகலை படிக்க நியூ ஜெர்சி போயிருந்த என்னிடம் எந்தப் பேராசிரியரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கராஜ்தான் கேட்டது.

அந்த வீட்டுக்காரரைப் போலத் தவறுகளை மதித்த மனிதர் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இருந்திருக்க முடியாது. அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் அவர் ‘ஒரிஜினல் அங்கிள்’. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மருந்து நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பகலெல்லாம் மாத்திரைகளில் பிழை கண்டுபிடிப்பார். மாலையில் கராஜுக்குள் நுழைந்து, பிழைகளைத் தம் கையாலேயே செய்வார்.

கராஜில் நின்றது எழுபதாம் ஆண்டின் மசில் கார் ஒன்று. நீண்ட மூக்கும், லாரிக்குப் போட வேண்டிய இன்ஜினும் கொண்டு, அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்கள் தெருவை அதிரவைப்பதற்கென்றே வாங்கிய வகை. அந்த ஆரஞ்சு நிறமும் அந்த இன்ஜினும் சேர்ந்து வந்தவை மிகச் சிலவாம். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் துருவாகக் கிடந்ததை வாங்கிவந்து, தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவதென்று ஏழு ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தார்.

‘அப்படியே’ என்ற சொல்லில்தான் வில்லங்கம். அன்றைக்குப் பெயின்ட் அடித்தவர் கதவின் உள்விளிம்பில் ஒரு சொட்டை வழியவிட்டிருந்தால், அங்கிளும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு வழியவிட வேண்டும்.

“அங்கிள், இங்க பெயின்ட் வழிஞ்சிருக்கே, துணி எடுத்துட்டு வரட்டுமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“தொட்டுறாத அம்மிணி! அந்தச் சொட்டு சரியா வர்றதுக்கு நாலு வீக்எண்ட் ஆச்சு!”

எதற்கும் விளைவை ஆராயும் பழக்கம் எனக்கு உண்டு. பாடப்புத்தகத்திலிருந்து கடன்வாங்கிய துணிவோடு இன்னொரு நாள், இவ்வளவு பெட்ரோல் குடிக்கும் வண்டியை உயிர்ப்பிப்பது சமூகத்துக்கு நியாயமா என்று கேட்டேன். அங்கிள் ஸ்பானரைக் கீழே வைத்து, யோசித்துப் பதில் சொன்னார்.

“ஏழு வருஷமா இது ஒரு சொட்டுக் குடிக்கல. உன்ற காலேஜ் பஸ் எவ்வளவு குடிக்குது?”

கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

உண்மையான விளைவை அனுபவித்தவர் அவர் மனைவி ராஜாமணி ஆன்ட்டி. கராஜை அந்த மகாராஜா பிடித்துக்கொண்டதால், ஆன்ட்டி வேலைக்குப் போகும் சின்னக் கார் ஏழு குளிர்காலமும் பனியில் நின்றது. காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டி அவர் வலது தோள் இறங்கிவிட்டது. இத்தனைக்கும் ஆரஞ்சு வண்டிக்குள் அவர் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. கார் கிளப்பின் நடுவர்கள் ‘ஃபேக்டரி கண்டிஷன்’ என்று சான்றிதழ் கொடுக்கும்வரை யாரும் ஏறக்கூடாது என்பது அங்கிளின் விரதம்.

“கொடுக்கலைன்னா?” என்றார் ஆன்ட்டி.

“நூத்துக்கு நூறு வரலைன்னா எல்லாத்தையும் கழட்டி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.”

“ஏனுங்க, அப்ப நான் ஆம்புலன்ஸ்லதான் ஏறுவேன்னு நினைக்கிறேன்.”

இனி கோழிக்கு வருகிறேன். இன்ஜினுக்குப் பின்னால் உள்ள இரும்புத் தடுப்பில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியபோது, நீலச் சாக்கட்டியில் ஒரு குறி தெரிந்ததாம். பரிசோதித்தாயிற்று என்பதற்காகத் தொழிற்சாலையில் யாரோ போட்டது. பார்த்தால் மூன்று கால் கோழி மாதிரி இருக்கும். அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, கோட்டின் சாய்வை ஆராய்ந்து, போட்டவர் இடக்கைக்காரர் என்று அங்கிள் முடிவுசெய்தார். பிறகு மூன்று மாதம் இடக்கையால் பயிற்சி. மளிகைப் பட்டியலிலும் தொலைபேசிப் புத்தகத்திலும் கோழிகள் மேய்ந்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு, புதுப் பெயின்ட்டின் மேல் ஒரே இழுப்பில் வரைந்தார். அன்று வீட்டில் பாயசம்.

அமெரிக்காவில் எந்தப் பண்டிகையும் சனிக்கிழமைதான் வரும். அந்த ஆண்டு நாங்கள் ஆயுத பூஜைக்கு வைத்துக்கொண்ட சனிக்கிழமைக்கு மறுநாள் கார் கண்காட்சி. ஏதோ ஒரு பழைய ஹோஸ் கிளிப் வாங்க அங்கிள் பென்சில்வேனியா போயிருந்தார். மிக்ஸி, தையல் மெஷின், என் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. ஆன்ட்டி கராஜ் கதவைப் பார்த்தார்.

“பாவம், அதுக்கு மட்டும் பூஜை இல்லாமயா? வா கண்ணு, சர்ப்ரைஸா தொடச்சு வெச்சிரலாம்.”

அவர் இன்ஜின் மூடியான ஹூட்டைத் தூக்கிப் பிடித்தார். ஈரத்துணி என் கையில் இருந்தது. உள்ளே ஏதோ நீல அழுக்கு; காகிதத்தில் மேய்ந்த கோழிகளைத்தான் நான் பார்த்திருந்தேன், அசலை யாரும் எனக்குக் காட்டியதில்லை. துடைத்தேன். மூன்று மாதப் பயிற்சி மூன்று நொடியில் துணிக்கு வந்துவிட்டது. அந்த இடத்தை ஒட்டியே ஆன்ட்டி சந்தனம் குழைத்து, கட்டைவிரலால் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனவர் மட்டும் நிறுத்திக்கொண்டார். “ஃபேக்டரில எலுமிச்சம்பழம் வெக்கலன்னு சொல்லுவார்.”

அங்கிள் வந்தார். ஹூட்டைத் திறந்தார்.

“கோழி எங்க?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. “நான்தான் அங்கிள். அழுக்குன்னு நினைச்சு...”

“நாந்தான் தொடைக்கச் சொன்னேன்” என்றார் ஆன்ட்டி.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாக்கட்டியை இடக்கையில் எடுத்தார். இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் கோழி வாத்தாகிவிட்டது. வாத்தை மட்டும் துடைத்துவிட்டுப் படுக்கப் போனார். இன்னும் ஏழு குளிர்காலம் என்று ஆன்ட்டி தோளைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். தொப்பி வைத்த வயதான நடுவர் ஒருவர், டார்ச் விளக்கோடு ஒரு மணி நேரம் வண்டியை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். கதவின் சொட்டைக் கண்டு சிரித்தார். ஹூட்டுக்கு வந்ததும் நின்றார்.

“பரிசோதனைக் குறி இருந்ததா, இல்லையா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல வண்டிகளில் அந்தக் குறி மிஞ்சியிருப்பதில்லை. தரக்கட்டுப்பாட்டுக்காரர் பையிலிருந்து பழைய புகைப்படத்தை எடுத்து நீட்டினார்.

“இருந்தது. நேற்று அழிந்துவிட்டது. வருடத்துக்கு ஒருநாள் எங்கள் ஊர் ஆட்கள் கருவிகளைத் துடைத்து நன்றி சொல்வோம்.”

நடுவர் ஒரு மதிப்பெண் குறைத்தார். “சரி, இந்த மஞ்சள் வட்டம்?”

அங்கிள் திரும்பி ஆன்ட்டியைப் பார்த்தார்.

“அதுவும் பரிசோதனைக் குறிதான். இவர் இரண்டாவது இன்ஸ்பெக்டர்.”

“கண்டிப்பானவரோ?”

“ரொம்ப.”

“ஆனால் தொழிற்சாலையில் வைத்ததில்லையே” என்று நடுவர் வருத்தத்தோடு இன்னொரு மதிப்பெண்ணைக் குறைத்தார். மொத்தம் தொண்ணூற்றெட்டு. சான்றிதழ் உண்டு, நூற்றுக்கு நூறு இல்லை. நானும் ஆன்ட்டியும் மூச்சு விடாமல் நின்றோம்.

அங்கிள் மதிப்பெண் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“கழட்டப் போறீங்களா?” என்றார் ஆன்ட்டி மெல்ல.

“கழட்டலாம். கோழியைக்கூட மறுபடி போட்டுருவேன். ஆனா அந்த இன்னொரு மார்க்கு வேணும்னா உன்ற பொட்டை அழிக்கோணும்.” கொஞ்சம் யோசித்தார். “அது ஆகாது. ஏறு.”

நான் விட்ட மூச்சு பக்கத்து மாநிலத்துக்குக் கேட்டிருக்கும். ஆன்ட்டி ஏறவில்லை. முதலில் கைப்பையைத் திறந்து நான்கு எலுமிச்சம்பழங்களை வெளியே எடுத்தார், காலையிலிருந்தே வைத்திருந்திருக்கிறார். அங்கிள் குனிந்து, தாமே சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். ஒரு உறுமல். நான்கும் நசுங்கின. காலி டிரெய்லர் பின்னால் தனியாக வந்தது. பெட்ரோல் கணக்கை அன்றைக்கு நான் போடவில்லை.

அதன் பிறகு ஆரஞ்சு வண்டி வெளியே, தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. ஆன்ட்டியின் சின்னக் கார் கராஜுக்குள் போனது. நான் பட்டம் பெற்று, அங்கேயே கொஞ்சநாள் வேலையும் பார்த்துக் கிளம்பும்வரை இன்னும் இரண்டு ஆயுத பூஜைகள் பார்த்தேன். இரண்டிலும் ஆன்ட்டி அதே இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தார்; பக்கத்தில் அங்கிள் இடக்கையால் ஒரு கோழி வரைந்தார். துணியை மட்டும் என் கையில் யாரும் கொடுக்கவில்லை.